செம்பில் வைத்த தண்ணீர்

தண்ணீர் குடித்தால் ஒருவர் காய்ந்து போவார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் கணவர் என் கண் முன்னால் அப்படித்தான் காய்ந்தார்.

குடலுக்குப் போகும் ரத்தம் அடைபட்டு, அவருடைய சிறுகுடல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருப்பது கை நீளம்தான் என்றார்கள். கழுத்துக்குக் கீழே செருகிய குழாய் வழியாக, மேலே தொங்கிய பையிலிருந்து பால் நிறத்தில் ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதுதான் சாப்பாடு. வாயில் ஒரு பருக்கை படாமல் ஒரு மனிதர் உயிரோடு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பையைக் கும்பிட்டேன்.

குழாயை எடுத்துவிட்டு தாராவி வீட்டுக்கு அனுப்பியபோது, உணவு ஆலோசகர் இந்தியில் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடலாம். வெறும் தண்ணீர் மட்டும் கூடாது. மிச்சமுள்ள குடலில் அது நிற்காமல் உடம்பின் உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆஸ்பத்திரியில் தந்த பொடியைக் கரைத்த உப்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும். தவறினால் கிட்னி போகும், ஆளே போகலாம் என்றார்.

அவருக்கோ தாகம் அடங்கவில்லை. நாக்கு தோல் துண்டு மாதிரி வறண்டிருந்தது.

தாராவியிலேயே லேபர் கேம்ப் ஏரியாவில் இருக்கும் அவருடைய அக்கா, என் மைனி, வேறு கணக்குப் போட்டார். போன வருஷம் செத்துப்போன மாமனார், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுத்தான் போனார். புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர்கள் கொடுக்க விடவில்லை. அந்தத் தாகம்தான் தம்பி மேல் இறங்கியிருக்கிறது, அதைத் தீர்க்காமல் இவன் தேற மாட்டான் என்றார். தினமும் சாயங்காலம் வந்து, மாமாவின் படத்துக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்.

காலையில் செம்பு காலியாக இருக்கும்.

எலி என்று சொல்லிப் பார்த்தேன். எந்த எலி செம்பைக் கவிழ்க்காமல் குடிக்கும்? மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா வந்து குடிச்சிட்டுப் போயிருக்காவ," என்றார். அடுத்த நாள் பெரிய செம்பாகக் கொண்டுவந்தார். எனக்கு அந்தப் படத்தின் பக்கம் திரும்பவே கூசியது.

மறு பரிசோதனையில் எடை நன்றாக இறங்கியிருந்தது. ஒரு சொட்டு வெறும் தண்ணீர் கொடுக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். ஆலோசகர் என்னையே பார்த்தார். எங்கிருந்தோ குடிக்கிறார், கவனியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலை பார்க்கும் கார்கானாவிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன். எங்கள் சந்தில் உச்சி வெயிலிலும் வீட்டுக்குள் இருட்டுத்தான். படத்துக்கு எதிரே அவர் உட்கார்ந்து, குடத்திலிருந்து தானே மொண்ட செம்பை அண்ணாந்து கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டைச் சத்தம் வாசல்வரை கேட்டது. திருடன் பிடிபட்டான் என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் திரும்பினார்.

"தாயி, இன்னுங் கொஞ்சம் ஊத்து."

என்னை அவர் ஒரு நாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் எப்போதும் 'ஏளா'தான். தாயி என்று கூப்பிட்டவர் மாமா ஒருவர்தான். குரலும் மாமாவுடையதாகவே இருந்தது.

செம்பைப் பிடுங்கி மிச்சத்தை மூலையில் பாத்திரம் கழுவும் மோரியில் கொட்டினேன். அந்த நேரம் பார்த்து மைனி உள்ளே வந்தார். "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம ஒரு தடவ எங்கப்பாவ அனுப்பியாச்சு. இப்பமுமா?" என்று கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொடியைக் கரைத்து என் கணவரின் வாயருகே கொண்டுபோனேன்.

"தண்ணி கெடயாது, மாமா. இதத்தான் குடிக்கணும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் உப்பு குறைந்தால் மூளை தடுமாறும், ஆள் மாறிப் பேசுவார்கள் என்றார்கள். மறுபடியும் அந்தப் பால் நிறச் சாப்பாடு ஏறியது. கண் விழித்ததும் "ஏளா" என்றார். அழுதுவிட்டேன்.

டாக்டர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் அன்றைக்கு நான் தண்ணீர் இல்லை என்று சொன்னது இரண்டு பேருக்கு. ஒருவர் பிழைத்து வந்துவிட்டார். மற்றவர் இன்னும் எந்த வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரோ.