பிரேக்குக்குச் செந்தூரம்

என் கணவர் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த நாளிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை அதை நான் ஓட்ட வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய சின்னக் காரை தினமும் மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போகிறவள் நான். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து வரத் தெரிந்தவளுக்கு இது மட்டும் வராதா என்ன?

"இது வேற ரக வண்டிடி. கால் வெச்சாலே பறக்கும். பிரேக்கை நல்லதா மாத்திண்டு அப்புறம் உன் கையில தரேன்" என்றார்.

பறந்து கிழித்தது. அவருடைய ஆடிட் ஆபீஸ் இருப்பது தி. நகரில். அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தக் கார் இரண்டாவது கியரைப் பார்த்தாலே அதிகம். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடைப் பையோடு நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். வேகத்தடை வந்தால் அடிவயிறு தட்டாமலிருக்கக் காரைக் கோணலாகத் திருப்பி, பின்னால் வருகிற அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். இந்த லட்சணத்தில் அவருக்குக் குறையாகத் தெரிந்தது, வண்டி சட்டென்று நிற்கவில்லை என்பது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதும் லேசுப்பட்ட காரியமில்லை. சிக்னல் விழுந்தது தெரிந்தும் கடைசி நொடியில்தான் மிதிப்பார். என் பக்கம் பிரேக் கிடையாது என்று தெரிந்தாலும் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தும். அழுத்தி அழுத்தி, காலடியில் இருந்த ரப்பர் மேட்டில் குதிகால் படுகிற இடம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. அதைக் காட்டினால், "செருப்பை மாத்து" என்பார். அவர் ஓட்டுகிற விதத்தில் தப்பே இருக்காது, என் செருப்பில்தான்.

பிரேக் மாற்றப் போன இடம் தேனாம்பேட்டையில் ஒரு கராஜ். கிரீஸ் வாடை கிடையாது. ஏசி, சோபா, காபி மெஷின். கறுப்பு டீ-ஷர்ட் போட்ட முதலாளிக்கு வருகிறவர்கள் எல்லோரும் மச்சி. எங்கள் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொன்னார்.

"மச்சி, உன் வண்டி ஓடும். ஆனா நிக்காது. ரோடு, ரேஸ் ட்ராக்கு, ரெண்டுத்துக்கும் செட் ஆவுற ஐட்டம் ஒண்ணு கீது. பெரிய டிஸ்க்கு, சிகப்பு கேலிப்பரு, ரேஸ் பேடு. போட்டுக்கோ, சுவுத்துல பல்லி மாரி ஒட்டிக்கினு நிக்கும்."

என் கணவர் கண்கலங்காத குறையாகத் தலையாட்டினார்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துகிற இந்த ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மனிதர்களைத் தவிர எதுவும் சூடேறுவதில்லை. காலையில் மாட வீதிக்குள் நுழைந்து பிரேக்கைத் தொட்டால் கார் கீச்சென்று அலறும். கீரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். கார் நின்றபாடில்லை. "பார்த்தியா, எல்லாரும் தானா வழி விடறா" என்று பெருமை வேறு.

"இப்போ நான் ஓட்டலாமா?"

"பேடு பழகணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர் தாண்டிப் போய், வேகமெடுப்பதும் ஓங்கி மிதிப்பதுமாகப் பழக்கினார். என் மடியிலிருந்த டிபன் டப்பா பறந்து போய் இட்லியும் மிளகாய்ப்பொடியும் முன்கண்ணாடியில் அப்பின. "பார், என்னமா பிடிக்கறது!" என்றார். துடைத்தது நான்.

"இப்போ?"

"பூஜை போட வேண்டாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் போனேன். மறுநாள் ஊருக்கு வெளியே ரேஸ் ட்ராக்கில் முதல் சுற்று அவருக்கு, அடுத்தது எனக்கு என்று என் பெயரையும் பதிவு செய்திருந்தார். அந்த ஒரு சுற்றுக்காக எந்தக் கோவிலுக்கும் போகத் தயாராக இருந்தேன்.

ஆஞ்சநேயர் கோவில் வாசலில் பட்டாச்சார் கேட்டார், "புது வண்டியா?"

"பழசுதான் மாமா. பிரேக் மட்டும் புதுசு."

"பிரேக்குக்கா? பண்ணினதில்லையே. சரி, எங்கே இருக்குன்னு காட்டுங்கோ."

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. என் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் இடுக்கு வழியாக டிஸ்க்கைக் காட்டினார். பளபளவென்று இருந்த அதில் சந்தனம் ஒட்டவில்லை. பட்டாச்சார் சளைக்கவில்லை. எண்ணெயில் குழைத்த செந்தூரத்தை எடுத்து நான்கு டிஸ்க்கிலும் தாராளமாகத் தீற்றிவிட்டார்.

"எண்ணெய்னா அது? துடைச்சிடலாமே" என்றேன்.

"செந்தூரத்தைத் துடைக்கறதா? நாளைக்கு ட்ராக்குல ஏறப்போறேன், அபசகுனமா பேசாதே!"

மறுநாள் வழியெல்லாம் பிரேக் வழுக்கியதற்கு, ட்ராக்கில் சூடேறினால் பிடித்துவிடும் என்றார். இரவல் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு படபடப்பு இல்லை. அவர் ரேஸுக்கென்றே வாங்கிய சிவப்பு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் வளைவில் எல்லாக் கார்களும் வேகம் குறைத்துத் திரும்பின. எங்கள் மஞ்சள் கார் மட்டும் திரும்பாமல் நேரே புல்லுக்குள் போயிற்று. முன்சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கதவைத் திறந்து இறங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் கோபம் வந்தது.

தன் வாடிக்கையாளர்களுக்காக அங்கே வேனோடு வந்திருந்த கராஜ்காரர் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சி, எண்ணெ?"

"செந்தூரம்" என்றார் இவர், மெல்ல.

"டிஸ்க்குலயா? நெத்தில வெச்சிக்கினு வர்றதுதானே நைனா!"

அந்தக் கார் இன்றைக்கு ட்ராக்கில் ஏறக் கூடாது என்று அங்கிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். என் சுற்று அதோடு போயிற்று. ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கராஜ்காரர் டிஸ்க்கைக் கழுவித் துடைத்து, வேனிலிருந்து சாதா பேட் எடுத்து மாட்டினார். ரோட்டுக்கு இதுதான் சரியானது என்றார். இதை முதலிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "சாரு ரேஸ்னு ஆசப்பட்டாரு மேடம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கிளம்பும்போது என் கணவர் டிரைவர் பக்கம் போகவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டேன்" என்றார்.

வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். கால் வைத்தால் பறக்கும் என்றாரே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சொன்னபடி கேட்கிற வண்டி. பூந்தமல்லி வந்தது, கிண்டி வந்தது, எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் தூரத்திலேயே மஞ்சள் விழுந்ததைப் பார்த்து நிதானமாகக் காலைத் தளர்த்தினேன்.

"பிரேக்! பிரேக்கைப் பிடி!"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார். சிவப்பு ஷூவின் குதிகால் ரப்பர் மேட்டில் நான் போட்ட ஓட்டைக்குள் கச்சிதமாக இறங்கியிருந்தது.

"ஷூவை மாத்துங்கோ" என்றேன்.