நீலச் சுவர்

தெப்ராவில் மகள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். செலவைக் குறைக்க அவளே சுவருக்கெல்லாம் இளநீலச் சாயம் அடித்திருந்தாள். அந்த நிறத்தைப் பார்த்ததும் பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் சின்ன வயதில் நாங்கள் இருந்த தொழிலாளர் லயத்து வீடு நினைவுக்கு வந்தது.

அம்மா சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து அந்தச் சுவர்களுக்கு அடித்தார். கோதுமை மாவுப் பைகளை வெளுத்து, ஓரத்தில் பூ தைத்து, சன்னலில் தொங்கவிட்டார். பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு வாசல் ரோஜாவுக்கு மண் கொத்துவார். வீட்டுக்குள் எப்போதும் ஈரச் சுண்ணாம்பு மணக்கும்.

ஒருநாள் தோட்ட மானேஜர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "வீட்ட நல்லா வச்சிருக்கியே," என்றார். மறு வாரமே அந்த வீட்டைப் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணிக்குக் கொடுத்துவிட்டு, எங்களைக் கடைசி லயத்துக்கு அனுப்பினார்கள். அப்பா சாமான்களை மூட்டை கட்டினார்.

கடைசி லயத்து வீட்டில் புகை படிந்த சுவரை அம்மா தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இப்படியே இருக்கட்டும். அப்பதான் நம்மள இருக்க விடுவாங்க."

"எப்படிம்மா இருக்கு?" என்று தான் சாயம் அடித்த சுவரைக் காட்டிக் கேட்டாள் மகள்.

நன்றாகத்தான் இருந்தது. "அக்ரிமென்ட் எத்தன வருஷத்துக்குப் போட்டிருக்க?" என்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.