உதட்டுப் பிரெஞ்சு

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு மாடி வீட்டில் எங்கள் மாண்டிசோரி பள்ளி நடக்கிறது. நான் அங்கே ஆயாவாகத்தான் சேர்ந்தேன். குழந்தைகளைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போவது, மூக்கைத் துடைப்பது, பாய் விரிப்பது. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கு முன் பதினொரு வருஷம் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். தகடு வெட்டும் மெஷின்களை ஒட்டி எங்கள் செக்கிங் டேபிள். மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லோரும் குரலை விட்டுவிட்டு, உதட்டைப் பெரிதாக அசைத்துத்தான் பேசிக்கொள்வோம். டீ வந்தது, சூப்பர்வைசர் வருகிறார், யாருக்கு யாரைப் பிடித்துப் போயிற்று, எல்லாமே உதட்டில்தான் போகும். பிறந்ததிலிருந்தே கூச்ச சுபாவம் எனக்கு. நாலு பேர் நடுவில் குரல் எழும்பாது. அந்த இரைச்சலுக்குள் மட்டும் நான் வாயாடி என்று பேர் வாங்கினேன். பிறகு கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனது. நான் போகவில்லை.

பள்ளியில் வேலை கேட்டுப் போனபோது தாளாளர் மேடம் ஐந்தாறு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"குழந்தைங்ககிட்ட சத்தம் போட மாட்டீங்கதானே?"

அதற்கும் தலையாட்டினேன்.

"மாண்டிசோரி உங்க ரத்தத்துலயே இருக்கு" என்றார்.

என் கூச்சத்துக்கு வீட்டில் பல பேர் வைத்திருக்கிறார்கள். அது ஒரு கல்வி முறை என்று யாரும் சொன்னதில்லை.

பள்ளியின் நோட்டீஸில் 'இசை, பிரெஞ்சு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே மிஸ், சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ரயிலில் வருவார். மரக் கட்டையில் நிற்கும் சின்ன மணிகள், நிறம் பூசிய அட்டைகள், இவைதான் அவருடைய சாமான்கள். மணியைத் தட்டிக் கேட்பது ஒரு பாடம். அதை ஓசை எழாமல் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்கிப் போவது இன்னொரு பாடம். இரண்டாவதில் நான் குழந்தைகளைவிடத் தேறினேன். பாய் ஓரத்தில் உட்கார்ந்து மிஸ் சொல்லும் வார்த்தைகளையும் மனதில் போட்டுக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை என்பதால் சுலபமாக ஏறியது.

பெற்றோர்கள் வந்து பார்க்கும் ஓப்பன் டேவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மிஸ் கனடா போய்விட்டார். அவர் பிரெஞ்சு படித்ததே அதற்குத்தான் என்று அப்புறம் தெரிந்தது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "எம்.ஏ. படிச்ச ஒரு மிஸ் ரெடியா இருக்காங்க. ஆனா பசங்களுக்கு உங்க முகம் பழகியிருக்கு. ஓப்பன் டே வரைக்கும் நீங்க எடுங்க. அன்னைக்கு நல்லா நடந்தா நீங்களே கன்டினியூ பண்ணலாம். இல்லன்னா அவங்கள வரச் சொல்லிடறேன். நீங்க பழையபடி கீழ பாத்ரூம் பக்கம் பாத்துக்கலாம்."

பாத்ரூம் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பாயில் உட்கார்ந்த முதல் நாளே, நாலு வயதுப் பெண் ஒருத்தி சிவப்பு அட்டையை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்துவிட்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதற்காக ஒரு ஆள் அவ்வளவு நேரம் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த இடத்தை விட மனம் வரவில்லை.

பாடத்தில் மூன்று படி. சிவப்பு அட்டையைக் காட்டி, 'இது ரூஜ்.' பிறகு, 'ரூஜ் எது, காட்டு.' பிறகு, 'இது என்ன?' குரல் எழும்பாததால் தொழிற்சாலை வழியில் உதட்டை நன்றாகக் குவித்து, விரித்துச் சொன்னேன். பிரெஞ்சே உதட்டில்தான் இருக்கிறது என்று பழைய மிஸ்ஸும் சொல்லியிருந்தார். குழந்தைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரத்தில்தான் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று புரிந்தது. "அக்கா, இவன் என் பாயை மிதிக்கிறான்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும் அதே பெண், அடுத்த நொடி அட்டையைப் பார்த்து உதட்டை மட்டும் குவித்தாள். காற்றுகூட வரவில்லை. பிரெஞ்சு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று பதினான்கு குழந்தைகளும் முடிவு செய்திருந்தார்கள்.

திருத்தியிருக்கலாம். ஆனால் மாண்டிசோரியில் குழந்தையை இடைமறித்துத் திருத்தக் கூடாது, அதுவே ஒருநாள் கண்டுபிடிக்கும். அந்த விதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். திருத்துவதென்றால் நான்தானே உரக்கச் சொல்லிக் காட்ட வேண்டும்.

வீட்டில் என் கணவர் விடவில்லை. "இன்னா பிரெஞ்சு டீச்சரே, ஒரு வார்த்த எட்த்து உடு, கேக்கலாம்."

சொன்னேன்.

"ஒண்ணுமே கேக்கலியே."

"பசங்களுக்குக் கேக்குது."

"அதுங்க பாக்குதுங்கமே. நீ அன்னிக்கு கீழ போகத்தான் போற, பாரு."

ஓப்பன் டே சனிக்கிழமை பிற்பகலில் வந்தது. மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன் வரிசைகளில் புது ஃபிளாட்டுகளிலிருந்து வந்த ஆபீசர் பெற்றோர்கள். காலை ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேராக வந்த அப்பாக்கள் பின்னால் சுவரோடு நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

முதலில் இசை. ஆறு குழந்தைகள் ஆறு மணிகளை ஓசையில்லாமல் ஹாலின் குறுக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். ஒன்றுகூட முனகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"மியூசிக் எப்போ ஆரம்பிக்கும், மேடம்?" என்று முன் வரிசையில் ஒருவர் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு, சார்" என்றார் மேடம்.

அடுத்தது பிரெஞ்சு. அந்த நாலு வயதுப் பெண் சிவப்பு அட்டையை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினாள். உதட்டை அழகாகக் குவித்தாள். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி குவித்தாள்.

"மைக் வேலை செய்யலையா?" என்றார் ஒரு அம்மா. மைக்கே வைக்கவில்லை.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கீழ்த்தளத்து பாத்ரூமின் ஈர வாடையே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து நீல யூனிபார்ம் போட்ட ஒருவர், "ரூஜ்னு சொல்லுது மேடம்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?" என்றார் முன் வரிசைக்காரர்.

"எனக்கு இன்னா சார் தெரியும். வாயப் பாத்தா தெரியுது. அதான் சொல்லிக்கினு இருக்குதே."

பெண் மஞ்சள் அட்டையை எடுத்தாள். "ழோன்" என்றார்கள் பின்னால் இரண்டு பேர். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அட்டைகளை வேகமாக எடுத்தாள். எண்களுக்கு மற்ற குழந்தைகளும் வந்து நின்று உதட்டை அசைக்க, "அன், தோ, த்ருவா" என்று சுவரோர வரிசை முழுவதும் சேர்ந்துகொண்டது. மெஷின் பக்கத்தில் அடக்கியே வைத்திருந்த குரல்கள். ஜன்னல் அதிர்ந்தது.

"நாலாவது இன்னாடா?"

"காத்ரு. வாய நல்லாத் தொறக்குது பாரு, மச்சான்."

முன் வரிசைக்காரர்களுக்கு உதடு படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்கு முதுகைக் காட்டி, அப்பாக்களிடம் பிரெஞ்சு கேட்டார்கள்.

"இது என்ன மெத்தட், மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

மேடம் அரை நொடிதான் யோசித்தார். "குழந்தை அமைதியா பேசும், பேரன்ட்ஸ் குரல் கொடுப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கற மெத்தட்." அது எனக்குப் புதுச் செய்தி. அவருக்கும்தான்.

மாடிப்படியில் நீல யூனிபார்ம்காரர் என்னை நிறுத்தினார். அந்தப் பெண்ணின் அப்பா அவர்தான்.

"எந்தக் கம்பெனிக்கா?"

உதட்டால் சொன்னேன். படி நெரிசலிலும் புரிந்துகொண்டார்.

"நெனச்சேன். புள்ள ஊட்ல சும்மா வாய ஆட்டிக்கினே இருக்குதுக்கா. எதுனா கோளாறோன்னு பேஜாராப் போச்சு. டாக்டராண்ட இட்டுனு போலாம்னு இருந்தோம். இன்னிக்குத்தான் வயித்துல பால் வார்த்தீங்க."

திங்கட்கிழமை காலை மேடம் வகுப்புக்கே வந்தார். நான் மணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எனக்கு ஒத்தாசையாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்.ஏ. மிஸ்ஸ வர வேணாம்னு சொல்லிட்டேன். நீங்களே எடுங்க. ஒண்ணு மட்டும், இந்த மெத்தட்ட மாத்திடாதீங்க. மூணு பேர் புதுசா அட்மிஷன் கேட்டிருக்காங்க."

நன்றி சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்றேன். வழக்கம்போல உதடு மட்டும்தான் அசைந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றார் மேடம்.

அந்தப் பெண் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தாள். மேடத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "மெர்சின்னு சொல்றாங்க, மேடம்."