காளியாயி தட்டைத் தள்ளிவிட்ட பரிசம்

சேர்வராயன் மலையில் இருக்கிற கிளியூரில் காளியாயியைக் குடிகாரி என்று சொல்லாத வாய் இல்லை. அவளோ சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. காப்பித் தோட்டத்துச் சரிவில் கூடையோடு நிற்கும்போது கால் பின்னிக்கொள்ளும், பேச்சு குழறும். அதற்குத்தான் எஸ்டேட் ரைட்டர், "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துட்டா பாரு" என்று அவளை விரட்டினார். கூடப் பழம் பறித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நல்ல ஜனங்கள்! அவளுடைய அப்பனையும் இப்படிச் சிரித்துச் சிரித்தே சாகடித்தவர்கள்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் சேலத்து டாக்டர் ஒருவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். நரம்பு தேய்கிற நோய். அப்பன் வழியில் வந்தது, மருந்து கிடையாது. பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். "இந்த நோய் இருக்கிற குடும்பத்துக்குள்ளேயே பொண்ணு குடுத்துடாதம்மா. பேரப்பிள்ளைங்க பாடு ரொம்ப மோசமாயிடும்" என்றார்.

காளியாயிக்கு ஒரே மகள் செல்வி. தம்பி வேடியப்பனின் மகனுக்கு அவள் முறைப்பெண். மலையில் முறைப்பெண்ணைக் கேட்காமல் விட்டால் கேவலம், கேட்டுக் கொடுக்காவிட்டால் பகை. டாக்டர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னதும் வேடியப்பன் குதித்தான்.

"அந்தச் சீக்கு உன்னோட நின்னுபோச்சுக்கா. எங்க ஊட்டுல ஆருக்கும் இல்ல. சேர்வராயன் சாமி சத்தியம்!"

புருஷன் அம்மாசியும் அவன் பக்கம்தான். "தள்ளாடுற ஊட்டுப் பொண்ண வேற எவன் கட்டுவான்? உன்ற தம்பிய உட்டா நாதியில்ல."

சாமி சத்தியத்துக்கு மேல் அவளால் வாதாட முடியவில்லை. பயம் போகாமலே தலையாட்டினாள்.

பரிசத்தன்று மாப்பிள்ளையின் அப்பன் வெற்றிலை, பாக்கு, புடவை வைத்த தட்டைப் பெண்ணின் அப்பன் கையில் கொடுக்க வேண்டும். வேடியப்பன் தட்டோடு எழுந்தான். தட்டு கிடுகிடுவென்று ஆடியது, பாக்கு உருண்டோடியது. விழாமலிருக்கக் காலை அகட்டி வைத்துக்கொண்டான். காளியாயி அப்படித்தான் நிற்பாள். சபை அவன் காலையே பார்த்தது.

வேடியப்பன் இளித்தான். "கொஞ்சம் ஊத்திக்கிட்டேனுங்க. மகன் பரிசமுங்களே, நொம்ப சந்தோசம்."

சபை கொல்லென்று சிரித்தது. ஆம்பிளை குடித்தால் சந்தோஷமாம். அம்மாசியும் சிரித்துக்கொண்டே கை நீட்டினான்.

காளியாயி சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. தடுமாறிப் போய்த் தம்பியின் தாடையைப் பிடித்து இழுத்து, வாயை மோந்து பார்த்தாள். வெற்றிலை வாசம்தான் வந்தது.

"எப்ப இருந்துடா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "போன வருசத்துல இருந்துக்கா. வெளிய சொன்னா என்ற பையனுக்கு ஆரு பொண்ணு குடுப்பாங்க?"

"சாமி மேல சத்தியம் பண்ணி என்ற புள்ளயக் குழியில தள்ளப் பாத்தியாடா?"

தட்டை ஓங்கித் தள்ளிவிட்டாள். புடவை மண்ணில் விழுந்தது.

"உன்ற பையனுக்கு ஆரும் குடுக்க வேண்டாம். என்ற புள்ளயையும் ஆரும் கட்ட வேண்டாம். இந்தச் சனியன் நம்மோட செத்து ஒழியட்டும்."

உள்ளே செல்வி அழுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் காளியாயிக்குத் தைரியம் வரவில்லை.