நான் கண்டுபிடித்த சுரங்கம்

என் தாத்தாவையும் அவர் தம்பியையும் ஜப்பான்காரன் காலத்தில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிப் போனார்கள், ராணுவத்துக்குச் சுரங்கம் தோண்ட. இருவரும் அங்கேயே செத்தார்கள் என்று செய்தி மட்டும் வந்தது. எந்த மலை என்று யாருக்கும் தெரியாது. அப்போது கைக்குழந்தையாக இருந்த என் அத்தை, இன்றுவரை கல்லறைத் திருநாளில் பொதுச் சிலுவையடியில்தான் அவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். கண்ணை மூடுவதற்குள் சரியான இடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. குடும்பத்தில் புத்தகம் படிக்கிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு இருந்ததால், தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

போர் வரலாறு நிறையப் படித்தேன். கடைசியில் நம்பியது, மலையேறும் ஒருவர் யூடியூபில் போட்ட காணொளியை. பெக்கோக் பக்கம், செம்பனைக் காட்டுக்குப் பின்னால், இருட்டாக ஒரு வாய். “ஜப்பான் சுரங்கம்” என்றார் அவர். அடிக்குறிப்பு இல்லாத எதையும் ஏற்காதவன் நான். அன்று ஏற்றுக்கொண்டேன்.

அத்தையை அழைத்துப் போனேன். முட்டி வலியோடு சேற்றில் இறங்கி, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, “அப்பா, சித்தப்பா, வந்துட்டேன்” என்றார். படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டோம்’ என்று போட்டேன். ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எழுதாதது என் தன்னடக்கம்.

இன்னும் எடுப்பான படம் வேண்டுமென்று, முகப்பை மூடியிருந்த கொடியைப் பிடித்து இழுத்தேன். சிமெண்டு வளைவில் ஒரு தோட்டத்தின் பெயரும் கட்டிய ஆண்டும் பதிக்கப்பட்டிருந்தன.

“என்னடா போட்டிருக்கு?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்ததும் ஆண்டைச் சத்தமாகப் படித்துவிட்டேன்.

“அலமாக்! அந்த வருசம் நான் ரெண்டாம் கிளாஸ்லா!”

“ஆமா அத்தை. இது தோட்டத்துல தண்ணி போறதுக்குக் கட்டுனது போல.”

“போலயா? இவ்ளோ படிச்சியே, இத படிக்கலயாடா நீ?”

குனிந்து இரண்டு மெழுகுவர்த்தியையும் ஊதி அணைத்தார்.

“எரியட்டுமே அத்தை.”

“இங்க எரிஞ்சா யாருக்குப் போய்ச் சேரும்? வாய்க்காலுக்கா?”

சூடு ஆறுமுன்பே கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் கைப்பேசி ஓயாமல் ஒலித்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அழுகிற முகங்களையும் கும்பிடும் கைகளையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைக் குடும்பத்தின் பெருமை என்றே எழுதியிருந்தாள். பதிவை அழித்துவிட விரலை வைத்தேன்.

“அழிக்காத,” என்றார் அத்தை. “எழுது. அப்பா இன்னும் கெடைக்கலன்னு எழுது. சித்தப்பாவும்.”

எழுதினேன். கும்பிடும் கைகள் நின்றுபோயின.