பட்டுச்சு என்று சொல்லாதவன்

பக்கத்து வீட்டில் மதில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாடை, காந்தலும் குளிர்ச்சியும் கலந்து மூக்கின் அடியில் போய் உட்காருமே அந்த வாடை, சன்னல் வழியாக வந்ததும் என் வலது மணிக்கட்டு தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. அடி விழுவதற்கு முன் மடங்குகிற மடக்கு. அடிக்க இங்கே யாருமில்லை. டம்ளரில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் மடங்கிற்று. இது சுவர், வெறும் சுவர் என்று உடம்புக்கு யார் சொல்வது.

மூன்று வருடம் ஞாயிறுதோறும் விடிந்தும் விடியாமலும், இராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலிமனையில் நாங்கள் சிலம்பம் ஆடினோம். ஏழெட்டுப் பெண்கள். நான் தாலுகா அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இடுப்புப் பிடித்துப்போய் வந்தவள். எனக்கு ஜோடியாக வாய்த்தவள் கடலோரக் குப்பம் ஒன்றுக்குச் சுகாதாரச் செவிலி. கணவர் வளைகுடாவில். என்னைவிட நாலு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். உயரம் ஒத்துப்போனதால் முதல் நாளே எங்களை ஜோடி சேர்த்துவிட்டார் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் மீசையைத் தேட வேண்டாம். எங்கள் மகள் வயதுப் பெண். போட்டிகளில் மெடல் வாங்கியவள். எங்களை அக்கா அக்கா என்றுதான் அதட்டுவாள்.

அந்த மனையின் விதி இது. கம்பின் நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்குவோம். கறுப்புச் சட்டை போட்டிருப்போம். அடி பட்ட இடத்தில் வெள்ளையாகப் பொட்டு விழும். பட்டவள் தானே "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அடித்தவள் உடனே இரண்டு எட்டுப் பின்வாங்கி, கம்பைத் தாழ்த்தி வணங்க வேண்டும். நாங்கள் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். என் ஜோடி மட்டும் சலாம் சொல்வதுபோலக் கையை நெஞ்சில் வைப்பாள். பட்டும் சொல்லாதவளை யாரும் மறு வாரம் ஜோடி சேர்க்க மாட்டார்கள். இந்த விதியை மாஸ்டரைவிட நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழகு அங்கேதான் இருக்கிறது என்று நினைத்தேன். அடித்த கை அடித்த கணத்திலேயே தாழ்வது, வலித்தவள் வாயாலேயே வலியைச் சொல்வது. அதற்காகவே அந்த உப்புக்காற்றில் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்தேன்.

அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"அக்கா, நெசமா ஒருத்தன் வந்தான்னா இது ஒதவுமா?"

"வாரவன் வரட்டும். நீ மொதல்ல எடது கால மாத்தி வையி."

"இல்ல, கேக்குறேன். அவனும் சட்டைய மாட்டிக்கிட்டு, சுண்ணாம்ப முக்கிக்கிட்டு வருவானா?"

"ரூல் இல்லாட்டி இதுக்கும் தெருச்சண்டைக்கும் என்ன புள்ள வித்தியாசம்?"

"தெருச்சண்ட தெருவுலதானக்கா நடக்கும். நான் போறது அதவிட மோசமான ரோடு."

அவள் போகிற ரோட்டை நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி வடக்கே போய், ஒரு முக்கில் வலது பக்கம் இறங்கினால் நாலு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஆள் உயரத்துக்கு மேல். நடுவில் ஒரு சின்னப் பாலம். காற்று மணலைக் கொண்டுவந்து அதன்மேல் குவித்திருக்கும். ஸ்கூட்டரை அங்கே கால் ஊன்றித்தான் கடக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அலையாத்தி மரங்கள், வலை, வீடு, மனிதர்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் தடுப்பூசிப் பெட்டி. பெட்டிக்கும் சீட்டுக்கும் இடையில் ஒரு மூன்றடிக் கம்பு. கேட்டால் நாய்க்கு என்பாள்.

ஒரு பங்குனி மாதம், சாயங்காலம் ஐந்து மணிக்கு, அந்தப் பாலத்தில் அது நடந்தது. அரசு மருத்துவமனைக் கட்டிலில் காறை எலும்பு முறிந்து கட்டோடு படுத்திருந்தவள் சொன்னாள். தலைக்கவசம் போட்ட ஒருவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, குப்பத்துக்கு எப்படிப் போகணும் என்று கேட்டிருக்கிறான். இவள் கால் ஊன்றிக் கையைக் காட்டியிருக்கிறாள். காட்டிய கைக்குக் கீழே அவன் கை நுழைந்து கழுத்தில் கிடந்த கருகமணித் தாலியைப் பிடித்துவிட்டது. வண்டி சாய்ந்தது. கம்பு இவள் கைக்கு வந்தது.

"மணிக்கட்டுல பட்டுச்சுக்கா. மாஸ்டர் காட்டுவாகளே, சரியா அந்த எலும்புல. கருகமணிய விட்டுட்டான். உஸ்ஸுன்னு கைய ஒதறுறான்."

"அப்பறம்?"

"அப்பறம் ரெண்டு எட்டுப் பின்னால போனேன். கம்பத் தாழ்த்துனேன். கைய நெஞ்சுல வச்சேன்."

எனக்கு விளங்கவில்லை. "என்னத்துக்கு?"

"அவன் பட்டுச்சுன்னு சொல்லுவான்னு நின்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு எலும்பில் இடித்து முகம் சுருங்கியது. நான் சிரிக்கவில்லை. தாழ்த்திய கம்பை அவன் பறித்துக்கொண்டான். அதாலேயே அடித்தான். இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது குப்பத்துப் பக்கமிருந்து ஐஸ் வண்டியின் ஹாரன் கேட்டிருக்கிறது. ஓடிவிட்டான். அந்த ஹாரன் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஏனென்றால் அந்த இரண்டு எட்டு என்னுடையது. மூன்று வருடம், வாரத்துக்கு முப்பது நாற்பது தடவை, "பட்டுச்சு, விலகு" என்று அவள் காலுக்குள் அதை ஏற்றியவள் நான்.

கட்டிலிலேயே கணவரின் வீடியோ கால் வந்தது. "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், விட்டுரு. நான் அனுப்புறது பத்தாதா?" அவள் போனைத் திருப்பி மின்விசிறியைக் காட்டினாள். அங்கே அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியோடு பேசினார். வைத்ததும் என்னிடம், "அங்கன ஆறு புள்ளத்தாச்சிக இருக்குதுக்கா. ஒருத்திக்கு ரத்தமே இல்ல. நான் போகாட்டி எவ போவா அந்த ரோட்டுல?" என்றாள்.

அவள் திரும்பப் போவாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயம் அன்று என் வீட்டுக்குக் குடிவந்தது. அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், மணிக்கட்டைப் பார்த்தேன். கையில் தலைக்கவசத்தோடு எவன் வந்தாலும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஒருவன் ஜாதிச் சான்றிதழுக்கு வந்தான், மணிக்கட்டில் பழைய வடு. என்ன அடி என்று கேட்டேவிட்டேன். பிரஷர் குக்கர் என்றான். நம்பினேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு அவள் மனைக்கு வந்தாள். நேராக மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், அந்த ரூல எடுத்துருங்க."

"எடுத்தா மொத வாரத்துலயே யாருக்காவது கண்ணு போயிரும்க்கா."

"அவனுக்கு ரூலு தெரியலையே."

"அவன் போட்டிக்கு வரலையேக்கா."

"நானும் போட்டிக்குப் போகல. ஊசி போடப் போனேன்."

மாஸ்டர் பெண் கம்பை மண்ணில் ஊன்றினாள். பிறகு மெதுவாக, தப்பு செய்தவளைப் போல, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்: "மொத அடி விழுந்துச்சுல்ல. ஆயிரந் தடவ சுத்துன கையிங்கிறதாலதான் விழுந்துச்சு. அதையும் பொய்யின்னு சொல்லாதீங்க."

இருவர் சொன்னதும் உண்மை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒன்று பொய்யாக இருந்தால் மற்றதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

பணிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ஞாயிறு. மனைக்குப் போகாமல் என்னை அந்தப் பாலத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டு கம்பு, ஒரு தூக்குச்சட்டியில் சுண்ணாம்புத் தண்ணீர். வெயில் ஏறாத காலை. கருவேலங்காட்டுக்குள் எதுவோ காய்ந்த நெற்றை மிதிக்கும் சத்தம். ஆடாகத்தான் இருக்கும். ஆடு என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

"இங்கன நில்லு. தலக்கவசத்த மாட்டு. நீதான் அவன்."

"என்னால முடியாது புள்ள."

"ஒன்னாலதான் முடியும். பட்டுச்சுன்னு மட்டும் சொல்லிராத."

தலைக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. கை நீட்டி அவள் கழுத்துப் பக்கம் பிடிக்கப் போனேன். படீரென்று மணிக்கட்டில் விழுந்தது அடி. வெள்ளைப் பொட்டு. நான் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். அவள் இரண்டு எட்டுப் பின்னால் போய், கம்பைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்தாள்.

இருவரும் அப்படியே நின்றோம். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "தெரிஞ்சே செஞ்சேன் பாத்தியா," என்றாள். "தெரிஞ்சே காலு போகுது."

இரண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை அவள் பின்வாங்கியபோது நான் அடித்தேன். முழங்காலுக்குக் கீழே, நிஜமாக. சத்தம் கேட்ட பிறகுதான் அடித்தது நான் என்று தெரிந்தது. அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. "மாட்டுக்கா," என்றாள். "இன்னொருக்க."

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். ரோட்டின் அந்த முனையிலிருந்து, மெதுவாக. நாங்கள் இருவரும், ஆளுக்கொரு கம்பு வைத்திருந்த இருவரும், கம்பைச் சுழற்றி வீடு கட்டவில்லை, காலை மாற்றி வைக்கவில்லை. ஸ்கூட்டருக்கு ஓடினோம். சாவி அவள் கைப்பையில் இருந்தது. பை பெட்டிக்கு அடியில். பெட்டியை இழுத்தாள், பை கிடைத்தது, ஜிப் சிக்கியது. வண்டி எங்களை நெருங்கி, மணலில் கால் ஊன்றி, கடந்து போயிற்று. மீன் பெட்டியும் மனைவியுமாக ஒரு வயசாளி. "என்னம்மா, காரங்காட்டுல அலையாத்திக் காடு பாக்குற படகுக்கா? பாத தப்பி வந்துட்டீக," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கையில் பை இருந்தது. கம்பு மண்ணில் கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வருசத்துல ஓட ஒரு நாளு பழகுனமாக்கா?"

இல்லை. ஒரு நாள்கூட இல்லை. பதினாறு சுற்று தெரியும், எட்டுத் திசைக்கும் கால் வைக்கத் தெரியும், வணங்கத் தெரியும். வணங்காமல் போக மட்டும் தெரியாது. அந்தக் காலையில் எஞ்சிய நேரம் முழுக்க அதைத்தான் பழகினோம். சாவி வண்டியிலேயே. அடி, கம்பை விடு, வண்டியை நிமிர்த்து, ஸ்டார்ட். முதலில் பதினெட்டு எண்ணும்வரை ஆயிற்று. நான் சத்தமாக எண்ணினேன், தலைக்கவசத்துக்குள்ளிருந்து. கால் பின்னால் போனால் அடித்தேன். வெயில் ஏறி, சட்டைகள் வெள்ளையாகி, தூக்குச்சட்டி காலியானபோது ஏழில் நின்றது. கடைசித் தடவை வண்டி கிளம்பிப் பாலம் தாண்டிப் போனது. வெகுதூரம் போனது. கருவேல மரங்களுக்கு நடுவில் தலைக்கவசத்தோடு நான் தனியே நின்றேன், அவனைப் போல. அவன் நின்ற இடத்தில்தான் என் கால் இருந்தது. திரும்பி வர அவள் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பில்லை.

ஏழு போதுமா? யாரிடம் கேட்பது. அவன் எண்ணுவானா, எத்தனையில் எட்டிப் பிடிப்பான், அடுத்த முறை இருவராக வருவானா. ஒரு வித்தை உண்மையா பொய்யா என்று மூன்று வருடம் வாதாடினோம். பதில் அந்த நாலு கிலோமீட்டரில் எங்கோ இருக்கிறது. தனியாகப் போகிறவள்தான் அதைப் பார்க்க முடியும்.

மறுநாள் திங்கள். பஸ்ஸில் போய் அந்த முக்கில் இறங்கிக் காத்திருந்தேன். எட்டரைக்கு வந்தாள். சீருடை, முக்காட்டுக்கு மேல் தலைக்கவசம், காலடியில் பெட்டி, பெட்டியின் ஓரத்தில் கம்பு. கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். போட்டிருந்தாள். அவன் இழுத்ததில் அறுந்த இடத்தில் கறுப்பு நூல்.

"கூட வாரேன்," என்றேன்.

"இன்னைக்கு வருவ. நாளைக்கு?"

"லீவு போடுறேன்."

"எத்தன நாளைக்குக்கா போடுவ?" என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது. அதன் மேல் பெருவிரலை வைத்தாள். "சரியான எடம்தான்."

"போய்ச் சேந்ததும் ஒரு போன்."

"இன்ஷா அல்லா."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பிரியும்போது கையை நெஞ்சில் வைப்பாள். இப்போதும் கை பாதிவரை எழுந்தது. நின்றது. இறங்கிக் கைப்பிடியைப் பற்றியது.

"நான் திரும்பிப் பாக்க மாட்டேன்," என்றாள். "நீ தப்பா எடுத்துக்கிராத, என்ன? வாரேன்க்கா."