பிதுக்குப் பருப்பும் ரங்கன் மூக்கும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வைத்திய மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் என் நாத்தனார். நோயாளி, என் மூன்று வயது மகன் ரங்கன். நோய் — வலது மூக்கில் ஓர் அவரைப் பருப்பு.

குளிர் வந்துவிட்டால் மைசூர்ப் பெண்களுக்கு வேறு வேலை ஏது? தேவராஜ மார்க்கெட்டில் அவரைக்காய் மலையாய்க் குவிகிறது. உரித்து, முதல் நாளே ஊறவைத்து, காலையில் பிதுக்க உட்காருகிறோம். நுனியைப் பிடித்து அழுத்தினால் தோல் விரலில் நிற்கும். பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். இந்த வித்தையில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை.

அன்றைக்கு நான், நாத்தனார், எதிர்வீட்டு ருக்மிணி மாமி மூவரும் பிதுக்கிக்கொண்டிருந்தோம். ரங்கன் சமர்த்தாகப் பக்கத்தில் இருந்தான். எவ்வளவு சமர்த்து என்று நான் பெருமைப்பட்டு முடிக்கவில்லை...

"அம்மா, பருப்பு உள்ளே போயிடுத்து."

"எங்கேடா உள்ளே?"

காட்டினான்.

"மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போடு. தும்மினா வந்துடும்" என்றார் மாமி.

"தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டு" என்றார் நாத்தனார்.

"கொண்டை ஊசி இருக்கா?" — மறுபடி மாமி.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே, அக்கா" என்றேன் நான், எனக்கே கேட்காத குரலில்.

"ஒரு பருப்புக்கு ஆஸ்பத்திரியாடி? தம்பி ஆபீஸ்லேர்ந்து வரட்டும். அவனைக் கேட்டுண்டு போகலாம்."

என் கணவர் வருவது மாலை ஐந்து மணிக்கு. அப்போது காலை பத்து. பருப்புக்கு ஆபீஸ் நேரம் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் நல்ல மருமகள் அல்லவா?

நாத்தனார் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நுனி தெரியறதுடி! இத்தனை வருஷமாப் பிதுக்கறோம், இதைப் பிதுக்கத் தெரியாதா? உனக்குத்தான் சின்ன விரல். பிடிச்சு அழுத்து."

பள்ளிக்கூடத்தில் உடற்கூறு படித்தவள் நான். மூக்குக்குப் பின்னால் தொண்டை இருக்கிறது, அதற்குக் கீழே மூச்சுக் குழாய் என்று படம் வரைந்து பரிசுகூட வாங்கியிருக்கிறேன். வேண்டாம் என்று மனசு சொன்னது. பெரியவர்கள் சொல்கிறார்களே என்று விரல் சொன்னது. வழக்கம்போல் விரல்தான் ஜெயித்தது.

பிடித்தேன். அழுத்தினேன். வந்தது.

தோல், சகோதரிகளே. தோல் மட்டும்! பருப்பு தன் வழக்கப்படி துள்ளிக் குதித்தது — பாத்திரம் இருந்த பக்கமாக அல்ல.

"வந்துடுத்து, வந்துடுத்து!" என்று மாமி தோலைப் பார்த்துக் கை தட்டினார். ரங்கன் வீறிட்டான். பிறகு அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான்.

அந்த வாயைப் பார்த்த பிறகு நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஜட்காவை நிறுத்தினேன். நாத்தனாரும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் "நேரா உட்காரு கண்ணா, வாயால மூச்சு விடு" என்று அவனிடம் சொன்னேன். அந்தப் பருப்பு இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போய்க் குழாயில் விழுந்தால்? குதிரையோ கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கன்னடக்காரர், ஆனால் நல்ல தமிழ் பேசினார்.

"யாரம்மா இதைப் பிதுக்கினது?"

நாத்தனார் என்னைப் பார்த்தார்.

"நான்தான்."

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்களே?"

"ஆமாம், டாக்டர்."

"ஓஹோ" என்றார். அந்த ஓஹோவை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

வளைந்த சிறு கம்பி ஒன்றைப் பருப்புக்குப் பின்னால் செலுத்தி, மெல்ல முன்னால் இழுத்தார். வழுவழுவென்று, தோலே இல்லாமல், கூட்டுக்குத் தயாராக வந்து விழுந்தது. பின்னாலேயே துளி ரத்தம்.

"விரல் வேண்டாம், ஊசி வேண்டாம், தண்ணி வேண்டாம். தண்ணி பட்டா பருப்பு இன்னும் உப்பும். சொன்ன பேச்சைக் கேக்கிற குழந்தைன்னா, இன்னொரு மூக்கை மூடி ஒரே தடவை சிந்தச் சொல்லுங்க. வரலையா, நேரா இங்கே வாங்க. காதிலே பருப்பு போனாலும் நோண்டாமக் கூட்டிட்டு வாங்க."

இப்போது நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "படிச்ச பொண்ணு, மூக்கைப் போய்ப் பிதுக்கியிருக்காளே! நான் அப்பவே ஆஸ்பத்திரின்னேன்."

சொல்லட்டும். அடுத்த முறை மாநாடு கூடும் முன்பே ஜட்கா வாசலில் நிற்கும். யாரையும் கேட்காமல் போனாள் என்று பெயர் கெடும்தான்... கெட்ட பெயரால் யாருக்கும் மூச்சு அடைத்ததில்லை.